முதல் செவ்வாய் யாருக்கு?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டத் தொகுப்பில் 653:9 என்றொரு பிரிவு இருக்கிறது. தேர்தல் நாளைக் குறிக்க வந்த பிரிவு அது. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தேர்தல் என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் சாரம் இதுதான். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று நடக்கும். அல்லது, வேறு எந்த மாநிலமும் இதுபோன்ற தேர்தலை நடத்தும் நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக மாநிலச் செயலாளர் குறிக்கும் நாளில் நடக்கும். இரண்டில் எது முந்தியதோ அதுவே தேர்தல் நாள். தேவைப்பட்டால் அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டிலேயே நடத்தவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.

மற்றவர்கள் நாள் குறிக்கட்டும், அவர்களுக்கு முன்னால் நாங்கள் இருப்போம் என்று சுமார் 14 லட்சம் பேர் வாழும் ஒரு மாநிலம் சட்டம் இயற்றி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்காக ஐம்பது ஆண்டுகளாகப் பெரிய மாநிலங்களோடும் தேசியக் கட்சிகளோடும் அது மோதி வருகிறது. இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்த மோதல்தான். ஒரு நாளைக் குறிக்கும் அதிகாரம் எப்படி ஒரு வாக்கின் எடையைக் குறிக்கும் அதிகாரமாக மாறுகிறது என்பதை வேறு எந்தத் தேர்தல் முறையும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

தேர்தல் ஆணையம் நாள் அறிவிக்க, கட்சித் தலைமை வேட்பாளர் பட்டியல் வெளியிடும் முறைக்குப் பழகியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். அமெரிக்க அதிபர் தேர்தலின் நாள், நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய், 1845 முதல் நாடாளுமன்றச் சட்டப்படி நிலையாக இருக்கிறது. அதில் யார் நிற்பது என்று கட்சிக்குள் முடிவு செய்யும் வாக்கெடுப்புதான் பிரைமரி. ஆண்டின் தொடக்கம் முதல் ஜூன் வரை, மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு நாளில் அது நடக்கும். ஒவ்வொரு மாநில முடிவுக்கும் ஏற்ப வேட்பாளர்களுக்கு மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். கோடையில் கூடும் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகளின் பெரும்பான்மை யாருக்கோ அவரே வேட்பாளர். ஆனால் தொடக்க மாநிலங்களில் தோற்றவர்களுக்கு நன்கொடை வற்றிவிடும். ஒவ்வொருவராக விலகுவார்கள். ஜனவரியில் வாக்களிப்பவருக்கு எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும். அதே கட்சியைச் சேர்ந்தவர் ஜூனில் வாக்குச்சாவடிக்குப் போகும்போது தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமிருக்காது. இருவர் கையிலும் இருப்பது ஒரே வாக்குச்சீட்டு. வேறுபாடு நாளில் இருக்கிறது.

அரசியலமைப்பில் பிரைமரி பற்றி ஒரு சொல் இல்லை. கட்சி என்ற சொல்கூட இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தேர்தலின் நேரத்தை மாநிலச் சட்டமன்றங்கள் குறிக்கலாம், நாடாளுமன்றம் அதை மாற்றலாம் என்கிறது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் நாளை நாடாளுமன்றம் குறிக்கலாம் என்கிறது. கட்சிக்குள் நடக்கும் தேர்வைப் பற்றி மௌனம். அந்த மௌனத்துக்குள்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலங்கள் நுழைந்தன.

நோக்கம் உயர்ந்தது. வேட்பாளர்களை ஒரு சில கட்சிப் பெரும்புள்ளிகள் மூடிய அறைக்குள் முடிவு செய்த காலம் அது. விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் அந்த அதிகாரத்தைப் பறித்துச் சாதாரண வாக்காளர் கையில் கொடுக்கப் போராடினார். தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டத்தை 1905-இல் அவருடைய மாநிலம் இயற்றியது. 1910-இல் ஒரிகன் இன்னும் ஒரு படி ஏறி, அதிபர் வேட்பாளராக யார் வேண்டும் என்று வாக்காளரை நேரடியாகவே கேட்டது. 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியின் பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை வென்றார்; எதிராளியான அதிபர் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோவும் அவற்றில் ஒன்று. ஆனாலும் மாநாடு டாஃப்டையே வேட்பாளராக்கியது. மறு ஆண்டு டிசம்பரில் அதிபர் உட்ரோ வில்சன், நாடு முழுவதற்கும் ஒரே பிரைமரி வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் முதலிடத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கவில்லை. ரிச்மண்ட் என்ற ஊரின் சட்டமன்ற உறுப்பினர் ஸ்டீபன் புல்லக் கொண்டுவந்த பிரைமரி சட்டம் 1913-இல் நிறைவேறியபோது குறித்த மாதம் மே. 1915-இல் அதை மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு மாற்றினார்கள். அன்றுதான் அந்த மாநிலத்தின் ஊர்களில் ஆண்டு ஊர்க்கூட்டம். சாலை போடுவது, வரி விதிப்பது என்று எல்லாவற்றையும் பேசி முடிவெடுக்க ஊர் முழுவதும் மண்டபத்தில் கூடும் நாள். மண்டபத்தை எப்படியும் திறந்து கணப்பு மூட்டப்போகிறார்கள். வாக்குப்பெட்டியையும் அன்றே வைத்துவிட்டால் இரண்டாவது செலவு இல்லை. சிக்கனம் மட்டுமே காரணம். 1916-இல் இந்தியானா ஒரு வாரம் முந்திக்கொண்டது. மின்னசோட்டா அதே நாளில் நடத்தியது. 1920 வந்தபோது இந்தியானா மே மாதத்துக்குப் போய்விட்டது, மின்னசோட்டா பிரைமரியையே கைவிட்டுவிட்டது. வரிசையில் நின்றிருந்த மற்றவர்கள் விலகியதால் நியூ ஹாம்ப்ஷயர் முன்னால் வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வாக்குச்சீட்டில் பிரதிநிதிகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஆர்வம் காட்ட மக்களுக்குக் காரணம் இல்லை. 1949-இல் சட்டமன்ற அவைத்தலைவர் ரிச்சர்டு அப்டன் முயன்று சட்டத்தைத் திருத்தி, அதிபர் வேட்பாளர்களின் பெயரையே சீட்டில் அச்சிட வைத்தார். அதன்படி நடந்த முதல் தேர்தல் 1952-இல். நேட்டோ படைத் தளபதியாகப் பாரிஸ் அருகே இருந்த ஐசனோவர், அந்த மாநிலத்தில் கால் வைக்காமலே செனட்டர் ராபர்ட் டாஃப்டை வென்றார். ஜனநாயகக் கட்சியில் பதவியிலிருந்த அதிபர் ட்ரூமனை எஸ்டஸ் கீஃபாவர் என்ற செனட்டர் தோற்கடித்தார். அந்த மாதம் முடிவதற்குள் ட்ரூமன் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 1968-இல் மறுபடியும் அதுபோன்ற அதிர்ச்சி. வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மக்கார்த்திக்கு அங்கே 42 சதவீதம் கிடைத்தது. வென்றவர் அதிபர் லிண்டன் ஜான்சன்தான், ஆனால் மூன்று வாரத்துக்குள் விலகியவரும் அவரே.

அதே 1968-இல் ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளரானார். கட்சிக்குள் எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க ஜனநாயகக் கட்சி விதிகளைத் திருத்தியது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரைமரிக்கு மாறின. பிரைமரிகள் பெருகியபோதுதான் முதல் பிரைமரிக்கு விலை ஏறியது. முதலிடத்துக்கு ஆபத்து என்று உணர்ந்த நியூ ஹாம்ப்ஷயரின் ஜேம்ஸ் ஸ்ப்ளெய்ன் என்ற இளம் உறுப்பினர் 1975-இல் கொண்டுவந்த மசோதாதான் 653:9-இன் வேர். அண்டையிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கு முன்னால் என்று தொடங்கியது, பிறகு எந்த மாநிலத்துக்கும் முன்னால் என்று விரிந்தது.

அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் பில் கார்ட்னர். 1976 டிசம்பரில் சட்டமன்றம் அவரை மாநிலச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜனவரி வரை, 45 ஆண்டுகள், அவர் அந்த நாற்காலியில் இருந்தார். பிற மாநிலங்கள் நாள் குறித்து முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். பின்பு ஒரு நாள் பத்திரிகையாளர்களை அழைத்து அறிவிப்பார். 1972-இல் மார்ச் 7 ஆக இருந்த பிரைமரி 1976-இல் பிப்ரவரி 24 ஆனது. 2000-இல் பிப்ரவரி 1. 2004-இல் ஜனவரி 27. 2008-இல் ஜனவரி 8. அந்த ஆண்டு, முந்தைய வாரம் காக்கஸ் நடத்திய அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே ஐந்தே நாள். கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு நடுவே வேட்பாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

அயோவாவைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே நடப்பது வாக்குச்சாவடித் தேர்தல் அல்ல, கட்சிக்காரர்கள் கூடிப் பேசும் காக்கஸ். அதனால் 653:9 சொல்லும் 'இதுபோன்ற தேர்தல்' அது இல்லை என்று நியூ ஹாம்ப்ஷயர் ஏற்றுக்கொண்டது. இரண்டு மாநிலங்களும் பல பத்தாண்டுகள் அப்படி ஒத்துப்போயின.

இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி 2008-இன் ஃப்ளோரிடா. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு, நான்கு மாநிலங்களைத் தவிர வேறு யாரும் பிப்ரவரி 5-க்கு முன் நடத்தக் கூடாது என்று விதித்திருந்தது. குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த ஃப்ளோரிடா சட்டமன்றம் தன் பிரைமரியை ஜனவரி 29-க்கு மாற்றியது. தொடுதிரை வாக்கு இயந்திரங்களுக்குப் பதிலாகக் காகித வாக்குச்சீட்டைக் கொண்டுவரும் ஏற்பாடும் அதே மசோதாவில் சேர்ந்திருந்தது. 2000-இல் வாக்கு எண்ணிக்கையில் நாடே பார்க்கப் புண்பட்ட மாநிலம் அது. காகிதச் சீட்டு வேண்டாம் என்று அங்கே எந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் வாக்களிப்பார்? மசோதா நிறைவேறியது. ஆளுநர் சார்லி கிறிஸ்ட் 2007 மே மாதம் கையெழுத்திட்டார்.

தேசியக் குழு ஃப்ளோரிடாவின் பிரதிநிதிகள் அத்தனை பேரையும் பறித்தது. மிச்சிகன் தன் பிரைமரியை ஜனவரி 15-க்கு மாற்றியதால் அதற்கும் அதே தண்டனை. குடியரசுக் கட்சி பாதிப் பேரைப் பறித்தது. ஃப்ளோரிடாவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் பிரசாரத்துக்கு வரவில்லை. மிச்சிகனில் ஒபாமாவும் எட்வர்ட்ஸும் தங்கள் பெயரையே சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹிலாரி கிளிண்டனுக்கு 55 சதவீதம், 'யாருக்கும் இல்லை' என்பதற்கு 40 சதவீதம்.

இதில் ஃப்ளோரிடா வாக்காளர் செய்த தவறு என்ன? தேதியை அவர் குறிக்கவில்லை. மாநிலச் சட்டம் குறித்த நாளில், அரசு நடத்திய வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களித்தார். ஜனநாயகக் கட்சியில் மட்டும் அப்படிப் போனவர்கள் 17 லட்சத்துக்கும் அதிகம். உங்கள் வாக்கு கணக்கில் சேராது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டும் போனவர்கள் அவர்கள். மே 31-ஆம் தேதி வாஷிங்டன் விடுதி ஒன்றில் கூடிய கட்சியின் விதிக்குழு, நாள் முழுக்க வாதாடி, ஒவ்வொரு பிரதிநிதிக்கும் அரை வாக்கு என்று தீர்மானித்தது. மிச்சிகனில் பெயரே இல்லாத ஒபாமாவுக்கு 59 பிரதிநிதிகளைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஆகஸ்டில், போட்டி முடிந்த பிறகு, முழு வாக்கும் திரும்பக் கிடைத்தது. கணக்கில் வேண்டிய நேரத்தில் இல்லாத வாக்கு, வேண்டாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

மாநிலச் சட்டத்தை ஒரு கட்சி இப்படி மீறலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1981-லேயே பதில் சொல்லிவிட்டது. கட்சியில் சேராதவர்களும் வாக்களிக்கும் விஸ்கான்சின் பிரைமரியை ஜனநாயகக் கட்சி ஏற்க மறுத்த வழக்கு அது. மாநிலம் எப்படி வேண்டுமானாலும் தேர்தல் நடத்திக்கொள்ளலாம்; ஆனால் கட்சியின் விதிக்கு மாறாகத் தேர்வானவர்களை மாநாட்டில் உட்கார வைக்கும்படி கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. விஸ்கான்சின் தரப்பில் வழக்கு நடத்திய அரசுத் தலைமை வழக்கறிஞரின் பெயர் பிரான்சன் லா ஃபாலெட். ராபர்ட் லா ஃபாலெட்டின் பேரன். தாத்தா நட்ட மரத்துக்காகப் பேரன் நீதிமன்றம் போய்த் தோற்றார். அன்று முதல் நிலைமை தெளிவாகிவிட்டது: நாளைக் குறிப்பது மாநிலத்தின் உரிமை, அந்த நாளின் வாக்கைப் பொருட்படுத்துவது கட்சியின் உரிமை. நடுவில் நிற்கும் வாக்காளருக்கு இரண்டு பக்கமும் உறுதி இல்லை.

கலிபோர்னியா வேறு வகையில் தவித்தது. மக்கள்தொகையில் முதல் மாநிலம். பிரைமரியோ வழக்கமாக ஜூனில், வரிசையின் கடைசியில். 2016-இல் ஜூன் 7 அன்று அங்கே வாக்குப்பதிவு. முதல் நாள் இரவே, ஹிலாரிக்குத் தேவையான பிரதிநிதிகள் கிடைத்துவிட்டார்கள் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. மறு ஆண்டே சட்டம் மாறியது. 2020-க்கான நாள் மார்ச் 3. அந்த மாற்றத்தால் பயனடையக்கூடியவர் என்று பலரும் கருதியவர் கலிபோர்னியா செனட்டர் கமலா ஹாரிஸ், சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள். ஆனால் மார்ச் 3 வரை அவரால் நிற்க முடியவில்லை. பணம் தீர்ந்து, 2019 டிசம்பர் 3 அன்றே, ஒரு மாநிலமும் வாக்களிக்கும் முன், விலகினார். சொந்த மாநிலத்தின் நாளை முன்னால் இழுத்தாலும், அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் அதைவிட முன்னால் நின்றன. 2024-இல் அவர் வேட்பாளரானபோது பிரைமரிகள் எல்லாம் முடிந்திருந்தன; ஜூலை 21-இல் அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகிய பிறகு, பிரதிநிதிகளே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2024 இந்த முறையின் எல்லாக் கோளாறுகளையும் ஒரே ஆண்டில் காட்டியது. மிச்சிகன் சட்டம் பிப்ரவரி 27 என்றது. குடியரசுக் கட்சியின் தேசிய விதியோ அந்த மாநிலம் மார்ச்சுக்கு முன் நடத்தக் கூடாது என்றது. அதனால் அந்தக் கட்சி அரசுப் பிரைமரியில் 16 பிரதிநிதிகளையும், மார்ச் 2 அன்று தானே கூட்டிய மாநாட்டில் 39 பேரையும் தேர்ந்தெடுத்தது. நெவாடாவில் சட்டப்படி பிப்ரவரி 6 அன்று பிரைமரி. மாநிலக் குடியரசுக் கட்சி அதைப் புறக்கணித்து இரண்டு நாள் கழித்துக் காக்கஸ் நடத்தியது. டிரம்ப் காக்கஸில் மட்டும் நின்றார். பிரைமரியில் நின்ற நிக்கி ஹேலி, 'இவர்களில் யாரும் இல்லை' என்ற விருப்பத்திடம் தோற்றார். ஐடஹோவில் மார்ச் பிரைமரியை மே மாதத்துக்கு மாற்றுவதாக நினைத்து எழுதிய சட்டம், சொற்பிழையால் பிரைமரியையே இல்லாமல் செய்துவிட்டது. சரிசெய்ய வந்த மசோதா கீழவையைத் தாண்டவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரிலும் அந்த ஆண்டு மோதல் முற்றியது. முதலிடம் தென் கரோலினாவுக்கு என்று ஜனநாயகக் கட்சி 2023 பிப்ரவரியில் முடிவெடுத்தது. அங்கே அந்தக் கட்சியின் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். வெள்ளையர் மிகப் பெரும்பான்மையாக வாழும் இரண்டு மாநிலங்கள் எப்போதும் முதலில் பேசுவது நியாயமா என்ற கேள்வி அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் கேள்வி சரியானதே. ஆனால் 653:9 அசையவில்லை. நாள் ஜனவரி 23 என்று மாநிலம் அறிவித்தது. பைடன் பெயரைப் பதிவு செய்யவில்லை. அந்தப் பிரைமரி அர்த்தமற்றது என்று கட்சியின் விதிக்குழு கடிதம் எழுத, அப்படிச் சொல்வது வாக்காளரைத் தடுப்பதாகும், நிறுத்துங்கள் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கட்சிக்கு உத்தரவு அனுப்பினார். வாக்காளர்கள் சீட்டில் இல்லாத பெயரைக் கையால் எழுதினார்கள். ஊர் எழுத்தர்கள் அந்தக் கையெழுத்துகளைப் படித்துப் படித்து எண்ணினார்கள். சுமார் 64 சதவீதம் பைடனுக்கு.

நியூ ஹாம்ப்ஷயருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆயிரம் டாலர் கட்டினால் யாரும் அங்கே வேட்பாளராகலாம். சட்டமன்றக் கீழவையில் 400 பேர், ஆண்டுச் சம்பளம் 100 டாலர். அரசியலை அண்டை வீட்டு விஷயமாக நடத்தும் மக்கள் அவர்கள். விளம்பரத்துக்குப் பணமில்லாதவர் பள்ளிக்கூட அரங்கில் நின்று கேள்விக்குப் பதில் சொல்லி முன்னேற முடிந்த இடம் அது. எல்லா மாநிலமும் ஒரே நாளில் வாக்களித்தால் அப்படிப்பட்டவருக்கு இடமே இருக்காது. வில்சன் கேட்ட தேசியப் பிரைமரியின் பலவீனம் அதுதான். மாநிலச் செயலாளர்களின் தேசியச் சங்கம் 1999-இல் முன்வைத்த திட்டம் நடுவழி ஒன்றைக் காட்டியது: நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து, மார்ச் முதல் ஜூன் வரை மாதத்துக்கு ஒரு வட்டாரம், யார் முதலில் என்பது ஒவ்வொரு தேர்தலுக்கும் சுழலும், அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் தொடக்கத்தில் அப்படியே இருக்கும். சிறிய இடத்தில் தொடங்கும் நன்மையைக் காத்துக்கொண்டே, ஜூன் வாக்காளருக்கும் ஒரு முறை மார்ச் கிடைக்கும் இந்த ஏற்பாட்டைவிட நியாயமானது இதுவரை வரவில்லை. ஆனால் மற்ற மாநிலங்களின் சட்டமன்றங்கள் தங்கள் தேதிச் சட்டத்தைத் திருத்தினால்தான் அது நடக்கும்.

சட்டம் குறித்த தேதி எவ்வளவு இறுகியது என்பதைப் பெருந்தொற்று காட்டியது. 2020 மார்ச் 17 ஒஹாயோவில் பிரைமரி. தள்ளிவைக்க முந்தைய நாள் மாலை நீதிபதி மறுத்துவிட்டார்; இரவோடிரவாக மாநிலச் சுகாதார இயக்குநர் மருத்துவ அவசரநிலை என்று வாக்குச்சாவடிகளை மூடினார். புதிய தேதி குறிக்கச் சட்டமன்றம் மறுபடியும் கூட வேண்டியிருந்தது. விஸ்கான்சினில் அதுவும் நடக்கவில்லை. ஏப்ரல் 7 வாக்குப்பதிவை ஜூனுக்கு மாற்றி ஆளுநர் டோனி ஈவர்ஸ் முந்தைய நாள் உத்தரவிட்டார். சட்டம் குறித்த நாளை ஆளுநர் மாற்ற முடியாது என்று சட்டமன்றத் தலைவர்கள் வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அன்று மாலையே உத்தரவை நிறுத்தியது.

சுமார் 180 வாக்குச்சாவடிகள் இயங்க வேண்டிய மில்வாக்கி நகரில் மறுநாள் காலை ஐந்து மட்டுமே திறந்தன. முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஆள் ஆறடி விட்டு, தெருவைச் சுற்றி வளைந்த வரிசையில் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். ஜனநாயகக் கட்சியின் சீட்டில் போட்டி பைடனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் இடையே. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் விலகினார். விஸ்கான்சினின் முடிவை ஏப்ரல் 13 வரை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத் தடை இருந்ததால், அவருக்கு அந்த வரிசையில் நின்று எத்தனை பேர் வாக்களித்திருந்தார்கள் என்பது அவர் விலகிய நாளில் யாருக்கும் தெரியாது.